ரயில் என்ஜின் செய்த ஊர், இன்று மருத்துவமனை நகரம்: அமெரிக்காவின் ரோனோக்கில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஒட்டிய பள்ளத்தாக்கில் இருக்கிறது ரோனோக். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். நூறு வருஷத்துக்கு முன் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் "ரயில்வேயில வேலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று அதே கேள்விக்கு அதிகம் கிடைக்கும் பதில், "ஆஸ்பத்திரியில வேலை."

ரயில்வே நம்பி வளர்ந்த எத்தனையோ அமெரிக்க ஊர்கள், ரயில்வே கைவிட்டதும் காலியாகிவிட்டன. ரோனோக் அப்படி ஆகவில்லை. ஏன்? அதற்கு இந்த ஊர் கொடுத்த விலை என்ன? முக்கியமாக, அந்த மருத்துவமனைகளுக்குள் யாரை விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள்? பார்க்கலாம்.

'பெரிய உப்பு நக்கி'

ரோனோக்கின் பழைய பெயர் பிக் லிக். அதாவது மான்களும் காட்டெருமைகளும் வந்து உப்பு நக்கிவிட்டுப் போகும் சதுப்பு நிலம். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் வெறும் 669 பேர்.

1881-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கிளார்க் வங்கிக் குழுமம், நொடிந்துபோயிருந்த ஒரு ரயில் நிறுவனத்தை வாங்கி, அதற்கு 'நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தது. வடக்கிலிருந்து வரும் ஷெனன்டோவா பள்ளத்தாக்கு ரயில்பாதையை அதனுடன் எங்கே இணைப்பது என்ற கேள்வி வந்தது. பிக் லிக் ஊர்க்காரர்கள் விடவில்லை. அவசரமாகப் பணம் திரட்டி, லெக்சிங்டனில் கூடியிருந்த ரயில் நிறுவன இயக்குநர்களிடம் குதிரையில் ஆள் அனுப்பிச் சேர்த்தார்கள். ஜங்ஷன் அவர்களுக்கே கிடைத்தது.

1882-ல் ஊர்ப்பெயரை மாற்றினார்கள். ரயில்வேயின் முக்கியப் புள்ளியான ஃப்ரெடெரிக் கிம்பாலின் பெயரையே ஊருக்கு வைக்கலாம் என்று பேச்சு வந்ததாகவும், அவர்தான் வேண்டாம் என்று சொல்லி ஆற்றின் பெயரான ரோனோக்கைச் சொன்னதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. 1884-ல் நகரம் என்ற தகுதி வந்தது. 1890 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 16,159. பத்தே வருஷத்தில் 24 மடங்கு! 'மாயாஜால நகரம்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

இத்தனைக்கும் காரணம் நிலக்கரி. மேற்கே போகஹான்டஸ் சுரங்கங்களில் வெட்டிய கரி, ரோனோக் வழியாக நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போனது. ரயில்வே தன் தலைமை அலுவலகத்தையும் பெரிய பணிமனையையும் ரோனோக்கிலேயே வைத்தது. மற்ற ரயில்வேக்கள் என்ஜின்களைக் கம்பெனிகளிடம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ரோனோக் பணிமனை தன் என்ஜின்களைத் தானே வடிவமைத்துச் செய்தது. 1950-ல் இங்கே செய்த 'ஜே' ரக 611-ம் எண் நீராவி என்ஜின், இன்றும் இந்த ஊர் அருங்காட்சியகத்தின் பெருமை.

ரயிலுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று ரயில்வே வேலை. அப்போது பெட்டிகளை இணைக்க, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஆள் நின்று, இரும்பு வளையத்துக்குள் கையால் முளையைச் சொருக வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரல் போகும், சில நேரம் கையே போகும். ஒரு ரயில்வே ஊழியரின் விரல்களை எண்ணிப் பார்த்தே அவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். தானாக இணையும் கொக்கிகளைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893-ல்தான் வந்தது.

நசுங்கிய கை, துண்டான கால், கொதிகலன் வெடித்த தீக்காயம் என்று இவை எல்லாமே அறுவை சிகிச்சை கேட்கும் காயங்கள். அதனால் ரயில் நிறுவனங்கள் தங்களுக்கென்று சர்ஜன்களை அமர்த்தின. 'ரயில்வே சர்ஜன்' என்பதே தனித் தொழிலாக வளர்ந்தது. பல ரயில்வேக்கள் ஊழியர் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சின்னத் தொகையைப் பிடித்து மருத்துவமனை நடத்தின. இன்றைய மருத்துவக் காப்பீட்டின் பாட்டி என்று இதைச் சொல்லலாம்.

ரோனோக் மட்டுமல்ல. டெக்சாஸில் டெம்பிள் என்றொரு ஊர். 1881-ல் சான்டா ஃபே ரயில்வே உண்டாக்கியது. அங்கே ரயில்வே மருத்துவமனைக்கு வந்த ஸ்காட், வைட் என்ற இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய மருத்துவமனைதான் பின்னாளில் டெக்சாஸின் மிகப்பெரிய மருத்துவக் குழுமங்களில் ஒன்றுக்கு வித்தானது. ஆக, ரயில் ஊர் மருத்துவ ஊராவது தற்செயல் இல்லை. காயம் நடக்கும் இடத்தில் சர்ஜன் இருப்பார். அவர் இருக்கும் ஊருக்கு, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நோயாளிகள் ரயிலேறி வருவார்கள்.

ரோனோக்கிலும் 19-ம் நூற்றாண்டு முடிந்து 20-ம் நூற்றாண்டு தொடங்கும் நேரத்தில் மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்னாளில் ரோனோக் மெமோரியல் என்று பெயர் பெற்ற மருத்துவமனை ஆற்றங்கரையில் வளர்ந்தது. 1909-ல் லூயிஸ்-கேல் மருத்துவமனை வந்தது. 1934-ல் பக்கத்து ஊரான சேலத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வந்து திறந்து வைத்தார்.

சரக்குப் பெட்டியில் போன டாக்டர்

இதுவரை சொன்னது ஊர் பெருமை. இனி சொல்லப்போவது இந்த ஊரால் மறக்க முடியாத கதை.

ரோனோக்கின் கெய்ன்ஸ்பரோ பகுதி கறுப்பின மக்கள் வாழ்ந்த இடம். ரயில்வேயில் மிகக் கடினமான, சம்பளம் குறைந்த வேலைகளைச் செய்தவர்களில் பலர் அவர்கள். அங்கே ஐசக் டேவிட் பர்ரெல் என்ற கறுப்பின டாக்டர் இருந்தார். மருந்துக்கடையும் நடத்தினார். 1914-ல் அவருக்கே பித்தப்பைக் கல் வந்து, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை.

ஊரில் மருத்துவமனை இருந்தது, சர்ஜன்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே வெள்ளையர்களுக்கு மட்டும்தான் அனுமதி. டாக்டர் என்றாலும் பர்ரெலுக்கு இடமில்லை.

அவர் போக வேண்டியிருந்தது வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தந்த ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனைக்கு. தூரம் சுமார் 380 கிலோமீட்டர். வழி, ரயில்தான். ரயிலிலும் படுத்துப் போகப் பயணிகள் பெட்டியில் இடம் தரவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, மூட்டை முடிச்சு ஏற்றும் பெட்டியில் அவரைக் கொண்டுபோனார்கள். வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார், உயிரோடு திரும்பவில்லை.

யோசிச்சுப் பாருங்க. ரயிலால் உண்டான ஊர். ரயிலால் வந்த மருத்துவமனை. அந்த ஊரின் டாக்டருக்கு அந்த மருத்துவமனையின் கதவு மூடியிருந்தது. ரயிலிலும் கிடைத்தது சரக்குப் பெட்டி.

அடுத்த வருஷமே, 1915 மார்ச்சில், அவருடைய சக கறுப்பின டாக்டர்கள் சேர்ந்து ஹென்றி தெருவில் ஒரு வீட்டில் மருத்துவமனை தொடங்கினார்கள். பெயர், பர்ரெல் மெமோரியல். டாக்டர் லில்பர்ன் டவுனிங் அதைப் பல வருஷம் நடத்தினார். நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் வந்தது. 1921-ல் பெரிய இடத்துக்கு மாறியது. 1955-ல் புதிய கட்டடமும் எழுந்தது. தென்மேற்கு வர்ஜீனியாவின் கறுப்பின மக்கள் பல மைல் தாண்டி வந்து சேர்ந்த இடம் இது. 'பிராந்திய மருத்துவ மையம்' என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே, தங்கள் மக்களுக்கு ஒரு பிராந்திய மையத்தை இவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

1966-ல் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர் அமலுக்கு வந்தது. இனப்பாகுபாடு காட்டும் மருத்துவமனைக்கு அரசுப் பணம் கிடையாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பல பத்தாண்டுகள் போராட்டத்துக்குத் திறக்காத கதவுகளைப் பணம் சட்டென்று திறந்தது. கறுப்பின நோயாளிகளும் டாக்டர்களும் பெரிய மருத்துவமனைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். பர்ரெல் மருத்துவமனையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1970-களின் கடைசியில் மூடப்பட்டது. சமத்துவம் வந்தது, ஆனால் தாங்களே கட்டி வளர்த்த ஒன்றை இழந்த பிறகு.

அதற்குள் அந்த மக்கள் இன்னொன்றையும் இழந்திருந்தார்கள். 1955-க்குப் பிறகு 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் கெய்ன்ஸ்பரோவிலும் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்புகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும், கடைகளையும், தேவாலயங்களையும் நகர நிர்வாகம் அகற்றியது. அந்த இடத்தில் நெடுஞ்சாலையும் அரங்கமும் வந்தன.

நாட்டுக்கே முன்மாதிரி

இன்னொரு பக்கம், ரோனோக் ரயில்வேக்காரர்கள் மருத்துவத்துக்குத் தந்த ஒரு கொடை உலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. 1909-ல் ரோனோக் ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கினார்கள். கரையில் கூட்டம் நின்றது. யாருக்கும் காப்பாற்றத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்ற சிறுவனும் இருந்தான்.

வளர்ந்து ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த வைஸ், 1928-ல் ரயில்வே சகாக்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் உயிர்காப்பு, முதலுதவிக் குழு தொடங்கினார். சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் ஓடணும். அமெரிக்காவின் முதல் சுதந்திரமான தன்னார்வ மீட்புக் குழு என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதன்பின் நாடெங்கும், பிறகு வேறு நாடுகளிலும் இதே மாதிரியில் குழுக்கள் உண்டாயின. ஆம்புலன்ஸ் என்றால் வெறும் வண்டி இல்லை, உள்ளே முதலுதவி தெரிந்த ஆள் இருக்கணும் என்ற எண்ணம் பரவியதில் இந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரயில்வே எப்போது கைவிட்டது?

ஒரே நாளில் இல்லை. தவணை முறையில்.

அமெரிக்காவின் மற்ற பெரிய ரயில்வேக்கள் டீசலுக்கு மாறிய பிறகும் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நீராவியை விடவில்லை. கரி கொண்டுபோகும் கம்பெனி கரியில் ஓடாமல் எதில் ஓடும்? ஆனாலும் 1953-ல் ரோனோக் பணிமனையிலிருந்து கடைசி நீராவி என்ஜின் வெளியே வந்தது. 1960-ல் நீராவி ஓட்டமே நின்றது. டீசல் என்ஜினை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், பராமரிக்கவும் குறைந்த ஆட்கள் போதும். 1979-ல் பயணிகள் ரயிலும் நின்றது. 1982-ல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன், சதர்ன் ரயில்வேயோடு சேர்ந்து 'நார்ஃபோக் சதர்ன்' ஆனது. தலைமை அலுவலகம் நார்ஃபோக் நகரத்துக்குப் போனது.

2015-ல் ரோனோக் நகர மையத்தில் மிச்சமிருந்த அலுவலகமும் மூடப்பட்டது. சுமார் 500 பேருக்கு வேறு ஊருக்குப் போங்கள் என்று சொன்னார்கள். 2020-ல் என்ஜின் பணிமனை வேலையை பென்சில்வேனியாவின் அல்டூனாவுக்கு மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், அல்டூனாவும் ரயில்வே உண்டாக்கிய ஊர்தான். அங்கேயும் இன்று அதிகம் பேருக்கு வேலை தரும் இடங்களில் முன்னால் நிற்பது மருத்துவமனை.

மருத்துவமனை எப்படி நிறுவனமானது?

1980-களின் கடைசியில் ரோனோக் பகுதியில் மூன்று பெரிய பொது மருத்துவமனைகள் இருந்தன. அதில் ரோனோக் மெமோரியலை நடத்திய காரிலியன் நிறுவனம், இரண்டாவதான கம்யூனிட்டி மருத்துவமனையோடு இணைய முடிவெடுத்தது. மூன்றில் இரண்டு ஒரே கையில் வந்தால் போட்டி இருக்காது, விலை ஏறும் என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகமே 1988-ல் வழக்குப் போட்டது.

1989-ல் கூட்டாட்சி நீதிமன்றம் காரிலியன் பக்கம் தீர்ப்பு சொன்னது. இவை லாப நோக்கற்ற மருத்துவமனைகள், விலையை ஏற்றும் நோக்கம் இவற்றுக்கு இருக்காது, நோயாளிகள் வேறு ஊர் மருத்துவமனைகளுக்கும் போகலாம் என்ற ரீதியில் வாதம் ஏற்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் இணைவதைப் பற்றி அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

தீர்ப்பில் சொன்ன நம்பிக்கை பலித்ததா? 2008-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் ரோனோக்கை உதாரணம் காட்டியே ஒரு பெரிய செய்தி போட்டது. லாப நோக்கற்ற மருத்துவமனை ஒரு பகுதியில் பலம் பெற்றால் கட்டணம் எப்படி ஏறுகிறது, பில் கட்டாத நோயாளிகள் மேல் எப்படி வழக்குப் போகிறது என்பதுதான் செய்தி. காரிலியன் தரப்பு சொன்ன பதிலும் உண்டு: ஏழைகளுக்கு இலவச சிகிச்சை, நஷ்டத்தில் ஓடும் கிராமத்து மருத்துவமனைகள், அவசர சிகிச்சை எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்து வரும்? இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பில் வருவது நோயாளியின் பெயருக்கு.

அதே காலத்தில் காரிலியன் தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது. டாக்டர்களைச் சம்பளத்தில் அமர்த்தி, ஒரே குழுவாக இயங்கும் 'கிளினிக்' முறைக்கு வந்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2010-ல் 42 மாணவர்களோடு வகுப்பு ஆரம்பமானது. 2018-ல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் அங்கமாகவே ஆனது. பக்கத்திலேயே உயிரியல் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் வளர்ந்தது. அதற்கு ஃப்ராலின் குடும்பம் தந்த நன்கொடை 5 கோடி டாலர்.

கல்லூரி வந்த இடத்தையும் கவனிக்கணும். ஆற்றை ஒட்டிய பழைய தொழிற்சாலை நிலம் அது. பக்கத்திலேயே பழைய வர்ஜீனியன் ரயில்வேயின் ஸ்டேஷன் கட்டடம். மருத்துவ மாணவர்கள் வகுப்புக்குப் போகும்போது கரி ரயில் இன்றும் கடந்துபோகிறது.

இன்று காரிலியனில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். தென்மேற்கு வர்ஜீனியாவில் மிகப்பெரிய முதலாளி இதுதான். டேஸ்வெல், ஜைல்ஸ் போன்ற மேற்குப் பகுதிகளிலும் இதன் மருத்துவமனைகள் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதை போன திசையும் இந்த மருத்துவமனைகள் இருக்கும் திசையும் பெரும்பாலும் ஒன்றுதான். அன்று அங்கிருந்து கரி வந்தது. இன்று நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் உண்டு.

ரயில்வேயைப் போல மருத்துவமனையும் ஒருநாள் கிளம்பிப் போய்விடுமா என்று கேட்கலாம். என்ஜினை அல்டூனாவில் பழுது பார்க்கலாம், ரோனோக் ஆளின் மாரடைப்பை ரோனோக்கில்தான் பார்க்கணும். அதனால் இந்த முதலாளி அவ்வளவு சுலபத்தில் கிளம்ப முடியாது. 1980-ல் 100,220 ஆக இருந்த மக்கள்தொகை 2020-ல் 100,011. ஊர் பெரிதாக வளரவில்லை, ஆனால் கரையவும் இல்லை. அதேசமயம் நர்ஸ் ஒருவருக்குச் சம்பளம் பிடிக்கவில்லை என்றால் அதே ஊரில் போய்ச் சேர வேறு இடம் அதிகம் இல்லை. ரயில்வே காலத்து ஃபிட்டருக்கும் இதே நிலைதான்.

லீ சதுக்கம், லேக்ஸ் சதுக்கம் ஆனது

1920 ஆகஸ்ட் 1-ம் தேதி, ரோனோக்கில் ரயில் டிப்போவைப் பார்த்தபடி இருந்த ஒரு குடிசையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் இல்லை, மருத்துவச்சி கையில். அவர்தான் ஹென்ரியெட்டா லேக்ஸ். சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட, வேறு ஊரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். 1951-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, அவரிடம் கேட்காமலேயே அவருடைய செல்களை எடுத்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். 'ஹீலா' என்று பெயரிடப்பட்ட அந்த செல்கள் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. போலியோ தடுப்பூசி முதல் எத்தனையோ மருந்துகளின் ஆராய்ச்சிக்கு அவை உதவின. குடும்பத்துக்கு இது தெரிய வந்தது 20 வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான்.

ரோனோக் நகர மையத்தில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் பெயரில் ஒரு சதுக்கமும் நினைவுத்தூணும் இருந்தன. 2020-ல் தூண் அகற்றப்பட்டது. சதுக்கத்துக்கு ஹென்ரியெட்டா லேக்ஸ் பெயர் வந்தது. 2023 அக்டோபரில் அவருடைய வெண்கலச் சிலை அங்கே திறக்கப்பட்டது.

இப்போது ரயில் இருக்கிறதா?

இருக்கிறது. 38 வருஷ இடைவெளிக்குப் பிறகு, 2017 அக்டோபர் 31-ல் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் ரோனோக்குக்குத் திரும்பியது. வாஷிங்டனுக்குச் சுமார் ஐந்து மணி நேரம். ஆனால் ரயில் ரோனோக்கோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி மேற்கே, கிறிஸ்டியன்ஸ்பர்க் வரை நீட்டிக்க மாநில அரசு 2021-ல் திட்டம் அறிவித்தது. அதற்கும் அப்பால் இருக்கும் கரிச்சுரங்க ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்கு, இன்றைக்கும் காரும் ஆம்புலன்ஸும்தான். நிலைமை மோசம் என்றால் ஹெலிகாப்டர்.